எண்பத்தெட்டாம் வருடத்து விசில்

செனோபியா: எந்திரிக்காதீங்கண்ணே... எந்திரிக்காதீங்கன்னு சொல்றேன்ல! தலையத் தொங்கப் போட்டு உக்காருங்க.

அனிபால்: ஒண்ணுமில்லம்மா... லேசா கிறுகிறுன்னு...

செனோபியா: லேசாவா? மூஞ்சி வெளுத்து பாலாடைக்கட்டி மாதிரி கெடக்கு. காலையிலதான் வந்து எறங்குனீங்களா?

அனிபால்: ஆமா. இக்காவுலேர்ந்து. பன்னெண்டு மணி நேரம் பஸ்ஸு.

செனோபியா: அதான பாத்தேன், கடலோரத்து ஆளு. இந்த மலை ஒயரம் ஒத்துக்கல. எறங்குன கையோட மாதா கோயில் படி ஏறியிருப்பீங்க.

அனிபால்: எப்பிடித் தெரியும்?

செனோபியா: ஊரு பாக்க வர்ற எல்லாரும் அதத்தான பண்றீங்க. ஏறுறது கோயில்ல, வந்து விழுறது என் சூப்புக்கடையில. இந்தாங்க, கோகா இலை போட்ட வெந்நி. ஊதி ஊதிக் குடிங்க.

அனிபால்: இங்க காத்தே இல்லியேம்மா...

செனோபியா: இருக்கு. நாங்க அளவா இழுக்குறோம். கீழ நீங்கதான் மிச்சம் வைக்காம இழுத்துப் பழகிட்டீங்க.

அனிபால்: ஹ்ம்... சிரிக்க வைக்காதம்மா, தலை தெறிக்குது.

செனோபியா: சிரிப்பு வருதுல்ல? அப்ப சாக மாட்டீங்க. ஆட்டுத்தலை சூப்பு ஊத்தட்டுமா?

அனிபால்: இருக்கட்டும்... ஒண்ணு கேக்கணும். கோயிலுக்குப் பின்னால எறக்கத்துல ஒரு ரொட்டிக்கடை இருந்துச்சே... நீலக் கதவு...

செனோபியா: இருந்துச்சா?

அனிபால்: இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஒரு சிநேகிதரு. ரொட்டி பிரமாதம்னாரு.

செனோபியா: உங்க சிநேகிதரு எந்தக் காலத்துல வந்தாரு? அந்த அடுப்ப இடிச்சே இருவது வருசமாச்சு. இப்ப அங்க போன் விக்கிறானுங்க.

அனிபால்: இடிச்சிட்டாங்களா... அந்தக் கடைக்காரங்க?

செனோபியா: அந்தம்மா தவறிடுச்சு.

அனிபால்: ஓ...

செனோபியா: ஏன் இப்பிடி மூஞ்சி சுருங்குது? ரொட்டிதான வேணும்? எதிர்த்தாப்புல சூடா இருக்கு.

அனிபால்: இல்லம்மா... அங்க ஒரு பொண்ணும் இருந்துச்சாம். மாவு பெசையிற பொண்ணு.

செனோபியா: உங்க சிநேகிதரு ரொட்டி தின்ன வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?

அனிபால்: ஐயையோ, அப்பிடி இல்ல...

எலாடியோ: அக்கா! யாரிது, என் எடத்துல?

செனோபியா: வாடா. இக்காக்காரரு, மேட்டுல வந்து மயக்கம் போட்டுட்டாரு. நீ தள்ளி உக்காரு. அண்ணே, இவன் என் தம்பி எலாடியோ. முட்டி ரெண்டும் போச்சு, வாய் மட்டும் நல்லாருக்கு.

எலாடியோ: வணக்கம் சார். மொத நாள் குளிக்காதீங்க, மெதுவா நடங்க. நாளைக்குப் பாருங்க, ஆடு மாதிரி ஏறுவீங்க.

அனிபால்: பாப்போம் தம்பி... பஸ்ஸுலேர்ந்து உங்க மைதானம் பாத்தேன். புதுசா மேடையெல்லாம் கட்டியிருக்காங்க.

எலாடியோ: பந்தாட்டம் பாப்பீங்களா?

அனிபால்: எப்பவாவது.

எலாடியோ: அப்ப எங்க எண்பத்தெட்டு ஃபைனல் கேள்விப்பட்டிருப்பீங்களே?

செனோபியா: ஆரம்பிச்சுட்டான். பஸ்ஸுல வந்து எறங்குற ஒருத்தர விடுறதில்ல.

எலாடியோ: நீ சூப்ப ஊத்துக்கா. சார், பெரு நாடு பூரா ரேடியோவுல கேட்ட ஆட்டம். சமமா முடிஞ்சாலே போதும், அடுத்த வருசம் நாங்க பெரிய லீக்குல, தலைநகரு லிமாக்காரனோட ஆடுவோம். அவ்ளோதான் பாக்கி. கடைசி நிமிசம்... பந்து உள்ள வருது...

அனிபால்: ம்.

எலாடியோ: எங்க டிஃபென்டர் தடுக்குறான். விசில்! கையில பட்டுச்சாம். பெனால்ட்டியாம்! அதுல கோல், போச்சு ஆட்டம்.

செனோபியா: ஊரே பாத்துச்சு, நெஞ்சுலதான் பட்டுச்சுன்னு. நாப்பது நாள் ஊர்ல அடுப்பு எரியல.

எலாடியோ: நாப்பது நாளா? ரெண்டு நாள்க்கா.

செனோபியா: எனக்கு நாப்பது மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் பொறந்த நாய்க்குட்டியில பாதிக்கு ‘ரெஃப்ரி’ன்னுதான் பேரு. எங்க வீட்டுல இருக்கறது நாலாவது ரெஃப்ரி.

அனிபால்: நாலாவதா!

செனோபியா: நல்ல நாயிண்ணே. குரைக்கவே குரைக்காது.

அனிபால்: அந்த ஆளு... அந்த ரெஃப்ரி என்னானாரு?

எலாடியோ: ஜனம் வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. அடிச்சாங்க. போலீஸ்காரனே ஓடிட்டான். அந்த நெரிசல்ல ஆளக் காணோம்.

செனோபியா: சந்து சந்தா தேடுனானுங்க, கையில கடப்பாரையோட.

எலாடியோ: விடிஞ்சப்ப உருளைக்கெழங்கு லாரியில பொம்பள வேசத்துல போயிட்டாருன்னு ஒரு பேச்சு. மூணு பாவாடை கட்டி, தொப்பி போட்டு...

அனிபால்: நாலு.

எலாடியோ: என்ன சார்?

அனிபால்: நாலு பாவாடை. அடியில இருந்தது பச்சை. கயிறு எட்டாம சணல் போட்டு இறுக்குனாங்க. முதுகுல கொழந்த மாதிரி ஒரு ஆட்டுக்குட்டி. அது வழி பூரா என் கழுத்துலயே மூத்திரம் போச்சு.

எலாடியோ: அக்கா...

செனோபியா: அந்தத் திரைய இழுத்து விடுடா.

அனிபால்: ஆளக் கூப்புடணும்னா கூப்புடுங்கம்மா. அறுவத்தாறு வயசு எனக்கு. ஓடவெல்லாம் மாட்டேன். இந்தக் காத்துல நடக்கவே முடியல.

செனோபியா: யாரக் கூப்புடுறாங்க இப்ப? காத்து அடிக்குது, சூப்பு ஆறிடும்னு இழுக்கச் சொன்னேன். குடிங்க மொதல்ல.

அனிபால்: நான் சண்டைக்கு வரலம்மா. அந்தப் பொண்ணப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான்...

செனோபியா: அவ மூஞ்சி ஞாபகம் இருக்கா?

அனிபால்: பாக்கவே இல்லியே. வெளக்கு ஏத்தல. கண்ணெல்லாம் ரத்தம். குரல்தான். ‘மூச்சு விடாத, இருமுன... நானே கழுத்த நெரிச்சிருவேன்’ன்னுச்சு.

செனோபியா: இருமுனீங்கள்ல?

அனிபால்: அது உனக்கு எப்பிடிம்மா...

செனோபியா: மூணு தடவ. மாவு மூட்டைக்கு நடுவுல ஒளிச்சு வச்சா, இருமுறாரு மனுசன்! வெளிய நாலு பேரு நிக்கிறானுங்க. நான் இருமுறேன், விடாம இருமுறேன், எனக்குத்தான் நெஞ்சு சளின்னு. மறுநாள் மாமியாக்காரி கசாயம் வச்சுக் குடுத்துச்சு.

அனிபால்: நீயா... தங்கச்சி, நீயா அது?

செனோபியா: நீலக் கதவுன்னு வாயத் தொறந்தப்பவே தெரிஞ்சு போச்சு. எங்களத் தவிர அந்தக் கதவு எவனுக்கு ஞாபகம் இருக்கப் போவுது?

அனிபால்: அப்பறம் ஏன் அந்தம்மா தவறிடுச்சுன்னு...

செனோபியா: கடைக்காரம்மா என் மாமியாதான், அது தவறுனது உண்மை. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரிய வேணாமா? உங்கள ஒளிச்சு வச்சது நாங்கதான்னு ஊருக்குத் தெரிஞ்சா எங்கள இன்னைக்கும் விட மாட்டானுங்க. ...அழாதீங்கண்ணே. இந்த ஒயரத்துல அழுதா தலைவலி கூடும்.

அனிபால்: இரு... இந்தா, இத மட்டும் பாரு. என் பொண்ணுங்க. மூணும் அதுக்கப்பறம் பொறந்ததுங்க. மூத்தவ தொண்ணூறாம் வருசம் பொறந்தவ.

செனோபியா: மூணு பேரா! லட்சணமா இருக்குதுங்க... நடுவுல இருக்கறதுக்கு மட்டும் உங்க மூக்கு. பாவம்.

அனிபால்: ஒவ்வொண்ணயும் கையில வாங்குறப்ப நெனப்பேன். அந்த மாவுக் கை என்னை இழுத்துக்கலேன்னா இதுங்க ஏதுன்னு. மூத்தவதான் சொன்னா, ‘அந்தம்மா உயிரோட இருக்கறப்பவே போய்ச் சொல்லுங்கப்பா’ன்னு. சொல்ல வந்துட்டேன், இப்ப வார்த்த வரல.

செனோபியா: வந்துட்டீங்கல்ல. போதும். அந்த லாரி பாலத்தத் தாண்டுச்சா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருசமா கர்த்தர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் பதில் வந்துருக்கு, அதுவும் மயக்கம் போட்டுக்கிட்டு.

எலாடியோ: சார், சூப்பு ஆறுது...

அனிபால்: இருங்க தம்பி. இன்னொண்ணும் இருக்கு. அதையும் சொல்லிடுறேன். அன்னைக்கப்பறம் நான் விசிலத் தொடல. ஸ்கூல்ல கணக்கு வாத்தியாராப் போயிட்டேன்.

செனோபியா: பயந்துட்டீங்களா?

அனிபால்: பயமில்லம்மா, சந்தேகம். வெயில் நேரா கண்ணுல. பந்தும் அந்தப் பையனும் ஒண்ணா எகிறுனாங்க. கையின்னு பாத்தேன். பாத்தேனா, பாத்ததா நெனச்சேனான்னு... ஒரு ஊரே நெஞ்சுங்குது. அத்தனை ஜனமா பொய் சொல்லும்? தப்பு என்னுதுன்னா, அவ்ளோ பேரு ஆசையில மண்ணள்ளிப் போட்டவன் நான். அதுக்கும் மேல இந்த ஊரு எனக்கு உசுரக் குடுத்திருக்கு.

செனோபியா: இத்தன வருசமா இதையா தூக்கிச் சொமந்தீங்க?

அனிபால்: அந்தப் பையன் இருந்தா அவன்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும். நாலாம் நம்பர் சட்டை. இருக்கானாம்மா?

செனோபியா: அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான். ஊருக்காக அநியாயத்துக்கு ஆளானவனாச்சே! ஸ்கூல்ல விளையாட்டு விழான்னா அவனுக்குத்தான் மாலை. மேயருக்குப் பக்கத்துல நாற்காலி. இப்ப உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து என் சூப்பக் குடிக்கிறான்.

அனிபால்: தம்பி... நீங்களா!

எலாடியோ: அக்கா, சும்மா இருன்னா இருக்க மாட்டியா?

செனோபியா: சும்மாதான் இருந்தேன், முப்பத்தோரு வருசம். அண்ணே, உங்களப் பின்கதவு வழியா என் மேல தள்ளுனது யாருன்னு நெனச்சீங்க? இவன்தான். ‘உள்ள போட்டுக்க, எதுவும் கேக்காத’ன்னான். நான் கேக்கல.

அனிபால்: சட்டையப் புடிச்சு இழுத்துட்டு ஓடுனது... நீங்களா? அடிக்கத்தான் இழுக்கறாங்கன்னு நெனச்சேன்.

எலாடியோ: உங்க மேல அடி விழக் கூடாதுன்னு குனிஞ்சு புடிச்சேன். என் முதுகுலதான் பாதி விழுந்துச்சு.

அனிபால்: உங்க வாழ்க்கையக் கெடுத்தவன்யா நான்! அப்ப எதுக்கு...

செனோபியா: சொல்லுடா. இப்ப நான் கேக்குறேன்.

எலாடியோ: சூப்பு ஆறுதுக்கா, அவரு குடிக்கட்டும்.

செனோபியா: எலாடியோ.

எலாடியோ: கையிலதான் பட்டுச்சுய்யா. இதோ, இந்தக் கையில. நீங்க சரியாத்தான் பாத்தீங்க.