பின் அச்சு கேட்டேன், பின்னட்டை அல்ல

சங்கைக்குரிய பங்குச் சுவாமி அவர்களே, பங்குச் சபைப் பெரியோர்களே, மயிலைத் தாய்மார்களே, கொட்டிவாக்கத்திலிருந்து மணல் மிதித்து வந்திருக்கும் என் அருமை மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். ஃப்ளோரன்ஸ் அம்மாள் தன் பெயரைப் பங்கு மலர் இதழின் பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போடச் சொன்னாள் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. "பின் அச்சைப் பலப்படுத்தவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யுத்தம் முடிந்ததும் நாம் ஏலத்தில் எடுத்த மருந்து வண்டியின் பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு அது. அச்சுக்கூடம் நடத்தும் நம் செயலாளர் மரியதாஸுக்கோ அச்சு என்றால் மை. இரண்டு முறை மை பூசி என் கையெழுத்தைப் பின்னட்டையில் ஏற்றிவிட்டார். பலமாகத்தான் இருக்கிறது, மறுபக்கத்துச் செபத்தைப் படிக்க முடியவில்லை. சிரியுங்கள் மரியதாஸ், கோபமில்லை. 'வண்டி' என்ற ஒரு சொல்லை விட்டது என் பிழை. கான்வென்டில் இதற்கு முட்டி போட வைத்திருப்பார்கள்.

என் கணவர் இருந்தவரை எந்த வண்டியின் அடியிலும் நான் குனிந்து பார்த்ததில்லை. சென்ற மாதம் பார்த்தேன். பிரசவ வலியில் துடித்த தேசம்மாவை ஏற்றி வந்தோம். குப்பத்து மணலில் பின் அச்சுத் தண்டு ஒடிந்தது. சக்கரம் கழன்று கடலைப் பார்த்து உருண்டது. அந்த வலியிலும் தேசம்மா கேட்டாள்: "இன்னாம்மா, வண்டி ஒரு காலைக் கயட்டி வெச்சிட்டு குந்திக்கிச்சே?" படகுப் பாயில் படுக்கவைத்து நால்வர் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு முன்பே, பாயிலேயே பிள்ளை பிறந்தது. அதோ, அவள் மடியில், என் பேச்சைக் கேட்காமல் தூங்குகிறது.

தாயும் பிள்ளையும் தப்பியது தேசம்மாவின் தைரியத்தால். தப்பியது நால்வரின் தோள்பலத்தால். நம் வண்டியின் பலம் எங்கே?

தேனாம்பேட்டை மெக்கானிக் மெஹபூப் பாஷாவைக் கேட்டேன். "அம்மா, இதுல பாரமும் அதே தண்டு மேல, சுத்தறதும் அதே தண்டு. தலைல மீன் கூடையும் வெச்சிக்கினு கையால மாவும் ஆட்டுன்னா ஒருத்தி இன்னா பண்ணுவா? லாரி அச்சுல பாரத்தை வெளிக்குழாய் சுமக்கும். தண்டு சும்மா சுத்தும். அது ஒடிஞ்சாலும் சக்கரம் கயலாது. உங்க வண்டிக்கு முன் சக்கரமும் இழுக்குமே, அது இழுத்துக்கினு ஊடு வந்து சேரலாம்" என்றார்.

பின்வரிசையில் யார், அகஸ்டின் தம்பியா? அங்கே ரோடு வரட்டும் என்கிறீர்களா? வரட்டும் தம்பி. ஆனால் பிள்ளை ரோட்டுக்காகக் காத்திருக்குமா? வலி காத்திருக்குமா? ஐப்பசி மழை காத்திருக்குமா? இதோ முன்வரிசையில் கங்கம்மா, நிறைமாதம். வெட்கப்படாதே, உட்கார். அவளுக்கும் அந்த மணல்தான் வழி. நமக்கும் அந்த வண்டிதான் கதி.

பட்டாளத்து லாரி ஒன்றின் பின் அச்சு பாஷாவிடம் இருக்கிறது. அளவு பார்த்துவிட்டார், வெட்டி இணைக்கலாமாம். வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று எனக்கு வாக்களித்திருக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் அன்பும் நன்றியும். பங்குச் சபையாரே, வண்டிக்கு அந்த அச்சு உண்டா, இல்லையா? வியாழக்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். கையால் எழுதினால் போதும், அச்சிட வேண்டாம்.