‘நோய் இல்லை’ என்ற தாளில் கையொப்பமிட மறுத்த டாக்டர் பிரிஜட் அம்மையாருக்கு

சிங்கப்பூர்த் தீவில் இன்றுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சோதனைக்கூடத்து அறிக்கை!

அவ்வறிக்கைகளுக்கு அழகு சேர்த்த அம்மையீர்! நுண்ணோக்கிக்கே நோக்கும் முறை கற்பித்த நுண்மதியே! ஃபார்மலின் நெடியைப் பன்னீராய் ஏற்ற பண்பின் பெட்டகமே! எங்கள் நோய்க்குறியியல் பிரிவின் தலைவர், டாக்டர் பிரிஜட் அற்புதராஜ் அவர்களே! பணிந்து வணங்குகிறோம்.

தாங்கள் பணியேற்றபோது குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்தன. ஓய்வுபெறும் இந்த 1987 ஜனவரியில் அவை பாசிர் ரிஸ் பக்கம் எழுகின்றன. இடையில் இந்நாட்டில் இடம்பெயராதது தங்கள் நாற்காலி ஒன்றே. தாங்கள் அதில் உட்கார்ந்திருந்தால் அல்லவா அது தேய்ந்திருக்கும்!

ஐயத்துக்குரிய அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தால், தாங்கள் பேனாவை மூடிவிட்டு வெளியே பெஞ்சுக்குப் போவீர்கள். நோயாளியின் அருகில் அமர்ந்து, “என்னம்மா சாப்பிடுறீங்க?” என்பீர்கள். குடலைப் பார்க்க வேண்டியவர் குழம்பை விசாரிக்கலாமா என்று எங்களுக்குச் சிரிப்பு. மூத்த தொழில்நுட்பர் நூருல் அமீன், “டாக்டர் ரெசிப்பி வாங்கப் போயிட்டாங்க லா. மனுஷன் ஆயிரம் கதை விடுவான், ஸ்லைடு விடாது,” என்று கண்ணாடித் தகட்டைத் தூக்கிக் காட்டுவார். நாங்களும் தவறாமல் சிரித்தோம்.

1984 ஏப்ரலில் அல்போன்சம்மாள் தம் மகள் ஜெசிந்தாவை அழைத்து வந்தார். ஓராண்டாக அவளுக்கு வயிற்றுப்போக்கு. எத்தனை மாத்திரை விழுங்கியும் ஏறாத இரத்தம். தோளில் நிற்காமல் நழுவும் பள்ளிச் சீருடை. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றது பள்ளி. அக்கம்பக்கமும் அதையே சொன்னது. ஒரு மருத்துவர் மட்டும் சீலியாக் நோயோ என ஐயுற்றார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், உடல் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும் நோய் அது. “அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றது,” என்று அதற்கும் சிரித்தவர்கள் உண்டு.

மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய உலோகக் குளிகையைச் சிறுமி விழுங்கினாள். குடலின் ஒரு துணுக்கு எங்களிடம் வந்தது. சத்தை உறிஞ்சும் குடல்விரல்கள் சற்றுக் குட்டை; ஆயினும் மோசமில்லை. இரத்தத்திலும் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இயல்பு அளவே. ‘நோய் இல்லை’ என்று தட்டச்சு செய்து கையொப்பத்துக்கு வைத்தோம். அந்தத் தாள் வெளியே போனால், நடிப்புக்காரி என்ற பட்டம் அந்தப் பெண்ணுக்கு நிலைத்துவிடும். எங்களுக்கு அது தோன்றவில்லை. தங்களுக்கோ ‘சற்றுக் குட்டை’ உறுத்தியது. பேனா மூடப்பட்டது.

“கோதுமையில என்னவெல்லாம் சாப்பிடுற?” என்று கேட்டீர்கள்.

“இப்ப எதுவுமே இல்ல டாக்டர்,” என்று தாயார் பெருமையாகச் சொன்னார். “தவக்காலம்லா. இவளுக்குப் பரோட்டான்னா உயிரு. அதை ஆண்டவருக்காக விட்டுட்டா. பிரட், மீ நூடுல்ஸ் எதையும் தொடல. வயிறும் தேவல. ஜெபம் கேட்டுருச்சு.”

“ஜெபம் கேட்டுச்சோ இல்லையோ, நம்ம டெஸ்ட் கெட்டுச்சு. எதிரி ஊர்ல இல்லாதப்ப எடுத்த படம்மா இது. சண்டை நடந்ததா இல்லையான்னு எப்படித் தெரியும்? மறுபடி ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடட்டும். அப்புறம் பார்ப்போம்.”

“நல்லா இருக்கிற பிள்ளையைத் திரும்ப நோயாளி ஆக்கச் சொல்றீங்களா?”

அதற்கு ஜெசிந்தாவே பதில் சொன்னாள்: “நான் நடிக்கலன்னு பேப்பர்ல வருமா டாக்டர்? வரும்னா சாப்பிடுறேன்.”

அவ்வாறே சாப்பிட்டாள், பட்டாள். தாங்களும் வாரந்தோறும் குவீன்ஸ்டவுனில் அவள் வீடு வரை போய்ப் பார்த்துவந்தீர்கள். இரண்டாம் துணுக்கில் குடல்விரல்கள் மழுங்கி, பாடாங் புல்தரைபோல் மட்டமாகக் கிடந்தன. இரத்தத்திலும் எதிர்ப்பொருள் ஏறியிருந்தது. வாழ்நாள் முழுதும் பரோட்டா இல்லை என்று தாங்கள் சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை. தாயைத் திரும்பிப் பார்த்து, “பாத்தீங்களாம்மா?” என்றாள். அல்போன்சம்மாள்தான் அழுதார்.

“கோயில் பூசையில இவ நன்மை வாங்கலாமா டாக்டர்? அப்பமும் கோதுமைதானே?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“திராட்சை ரசம் மட்டும் வாங்கட்டும். ஃபாதர்கிட்ட நான் பேசுறேன்,” என்று கோயிலுக்கும் நடந்தீர்கள். தோசை, இட்லி தாராளம், ரவா தோசை கூடாது. கடை நூடுல்ஸின் சோயா சாஸும் பெருங்காயத்தில் கலந்த மாவும் ஆகாது என்று அடுப்படி வரை போய்ச் சொன்னீர்கள். மறு ஆண்டு, வழக்கப்படி எடுத்த மூன்றாம் துணுக்கில் விரல்கள் தழைத்து நின்றன. அந்தத் தகட்டைச் சோதனைக்கூடத்தில் அனைவரும் வரிசையில் நின்று பார்த்தோம். எங்கள் கூடம் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறில்லை.

‘நெகட்டிவ்’ என்பது முடிவல்ல, எந்த நிலையில் எடுத்தது என்ற கேள்வி என்று விளக்கிய வித்தகரே! தாங்கள் குறைவற்ற நலத்துடன் நெடுங்காலம் வாழ்க! பெஞ்சுப் பேச்சில் ஆறிப்போன தேநீரை விட்டு, இனிச் சுடச்சுட அருந்தி வாழ்க! டோபி காட் பக்கம் போகும் வழியில் இங்கும் எட்டிப் பார்த்துப் போக வேண்டுகிறோம்.

இம்மடலில் அனைவரும் கையொப்பமிட்டோம். நூருல் அமீன் ஒருவரைத்தான் தேட வேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில், தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்த ஒருவரின் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்:

“அண்ணே, விரதம் எப்ப ஆரம்பிச்சீங்க? அதுக்கு முன்னாடி சப்பாத்தி, பிரட்டு எல்லாம் உண்டா? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

இங்ஙனம்,
தங்கள் சோதனைக்கூடத்து ஊழியர்கள்
(அமீன் வந்ததும் ஒப்பமிடுவார்)