சுவரோரம் படுத்திருந்தவர்

ராத்திரி இரண்டு மணி. கடிகாரம் அப்படிச் சொன்னது, அவ்வளவுதான். வெளியே எப்போது பார்த்தாலும் ராத்திரிதான்... வழியைப் பற்றிக் கேட்டால், முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. ஒரு நட்சத்திரத்துத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி மாதக்கணக்காகிவிட்டது. அடுத்தது வர இன்னும் மாதக்கணக்காகும். நடுவில் இறங்கி ஒரு டீ குடிக்கக் கடை கிடையாது. கத்தினால் திரும்பிப் பார்க்க ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த வழியில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்த பழைய சரக்கு விண்கப்பல் ஒன்றில் நடந்தது இது.

யாருக்கு நடந்தது? நம்மோடு சரக்கு இறக்கிக்கொண்டிருந்தானே சுருட்டை, அவனுடைய சித்திக்கு. சொந்தச் சித்தி. ஆகையால் கட்டுக்கதை என்று யாரும் எழுந்து போக வேண்டாம். நெருங்கி உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்... இல்லை, சாத்திவிடுங்கள்.

முதலில் கப்பலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். ஆட்கள் ஐந்தே பேர். கேப்டன் அம்மா. கப்பலை ஓட்டுகிற டிரைவர். சமையல்காரர், அவருக்கு உப்பு என்று பேர் வைத்திருந்தார்கள், காரணம் ஒரு வாய் சாப்பிட்டால் தெரிந்துவிடும். அப்புறம் சித்தியும் சித்தப்பாவும். சித்திக்கு வெல்டிங் வேலை. எங்கே ஓட்டை, எங்கே விரிசல் என்று பார்த்து அடைப்பது. சித்தப்பாவுக்குக் கிடங்கில் சரக்குக் காவல்.

ஆளுக்கு ஒரு ஷிப்ட். ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படுக்கை. ரயில் பெர்த் மாதிரி சுவரோடு ஒட்டிய பலகை, அதன் மேல் மெத்தை, குறுக்கே ஒரு கனத்த திரை. இடத்தை மிச்சம் பிடிக்க அந்தக் கப்பலில் அப்படித்தான். ஒருவர் எழுந்து போவார். அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார். திரை மூடியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். திறக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. கேப்டன் அம்மாகூட அதை மீற மாட்டார்.

சித்தி வேலை முடிந்து வந்ததும் சித்தப்பா உடனே எழுந்து போய்விட மாட்டார். சுவரோரமாக நகர்ந்து இடம் விடுவார். அரைமணி நேரம் இருட்டில் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர் சித்தியைத் தாண்டி இறங்கி வேலைக்குப் போவார். கிடங்குக் காவல்தானே, கொஞ்சம் பிந்திப் போனால் மூட்டைகளா கோள் சொல்லப் போகின்றன? அந்த அரைமணிதான் அவர்களுடைய குடித்தனம் மொத்தமும்.

அதில்தான் மண் விழுந்தது.

இந்தப் பயணத்தோடு போதும், ஊரில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சித்தப்பா என்ன செய்தார்... சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த பயணத்துக்கும் கேப்டன் அம்மாவிடம் தலையாட்டிவிட்டார். விஷயம் உப்பின் வாயிலிருந்து நழுவிச் சித்தியின் காதுக்கு வந்தது. சித்தி கத்தினாள். அவரும் கத்தினார். கடைசியில் சித்தி சொன்னாள்:

"அடுத்த துறைமுகத்துல நான் இறங்கிக்கறேன். நீங்க உங்க மூட்டைங்களோடயே குடித்தனம் பண்ணுங்க."

வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. பெட்டியையும் கட்டி வைத்துவிட்டாள்.

அன்று வேலை முடிந்து வந்தபோது, அவர் படுக்கையில் இருக்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். திரையை விலக்கினால்... சுவரோரம் ஆள் இருந்தது. விளக்கைப் போட வீம்பு இடம் கொடுக்கவில்லை. மனுஷன் போகாமல் இருக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல். அதைக் காட்டிக்கொள்ளாமல் முதுகைத் திருப்பிப் படுத்தாள். என்னவோ ஒரு வாசனை. வியர்வை இல்லை. காசைக் கையில் ரொம்ப நேரம் பொத்தி வைத்திருந்தால் உள்ளங்கையில் வருமே, அது. கிடங்கில் இரும்பைத் தொட்டிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

அவருடைய மூச்சு சித்தியின் மூச்சோடு சேர்ந்து சேர்ந்து வந்தது. சித்தி வேண்டுமென்றே மூச்சை அடக்கினாள். பக்கத்திலும் அடங்கியது. விட்டாள். பக்கத்திலும் விட்டது. வம்புக்கு இழுக்கிறார் என்று சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கை வந்தது. சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டது... கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை... மறுபடி திரும்பி. அதற்கு அடுத்த நாள் காது மடல். அதற்கும் அடுத்த நாள் கண் இமை. மெதுவாக, கடையில் துணியைத் தடவிப் பார்ப்பது போல. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் கையால் கேட்கிறார் என்று சித்தி உருகிப்போனாள். ஒருநாள் அவளே வாயைத் திறந்து, மனசில் இருந்ததை எல்லாம் இருட்டில் கொட்டினாள். "அடுத்த பயணம் வேணாங்க. வீட்டுக்குப் போயிடலாம்." கை மட்டும் வந்து அவள் உதட்டின் மேல் நின்றது. வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது மாதிரி... சித்தி அப்படியே தூங்கிவிட்டாள்.

சிரிக்காதே. உங்கள் எல்லோரிலும் தனியாக வீட்டுக்குப் போக வேண்டியவன் நீதான்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது கேப்டன் அம்மாவின் சட்டம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அந்த ராத்திரி இரண்டு மணிக்கு, அந்தச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ரொட்டியும் சூப்பும். சண்டைக்குப் பிறகு சித்தி வெளிச்சத்தில் சித்தப்பாவைப் பார்ப்பது அப்போதுதான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பூட்ஸ்க்குள்ள காலை விட்டது யாரு?" என்று டிரைவர் ஆரம்பித்தார். "நாடாவை அவுத்து, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு, மறுபடி அவுத்து, வேற மாதிரி முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு."

"உன் பூட்ஸ்க்குள்ள காலை விடற தைரியம் இந்தக் கப்பல்ல யாருக்கும் கிடையாதுப்பா," என்றார் உப்பு. "அதை விடு. என் டப்பா எல்லாத்தையும் திறந்து ஒரு விரல் விட்டுப் பார்த்திருக்காங்க. மாவுல விரல், சர்க்கரைல விரல், மிளகாய்ப் பொடியில விரல்."

"உப்பு டப்பாவுல விடலையா? விட்டிருந்தா எவ்வளவு போடணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். சுவருக்குப் பின்னால் எங்கோ... டொக். கொஞ்சம் தள்ளி... டொக், டொக். பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி.

"குழாய் சூடு ஆறுது," என்றார் டிரைவர், யாரும் கேட்காமலே.

அந்தச் சுவருக்குப் பின்னால் குழாயே கிடையாது. சித்திக்குத் தெரியும். ஆனால் அவள் கவனம் அங்கே இல்லை. தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தாள்.

"அடடே! இன்னிக்குக் கப்பலுக்குள்ளயே மழை வரப் போகுது," என்று உப்பு மேஜையைத் தட்டினார்.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். திருதிருவென்று விழித்தார்.

"என்ன முழிக்கறீங்க?" சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தினம் கையைப் பிடிச்சுக்கிட்டு ஊமை மாதிரிப் படுத்திருந்தா ஆச்சா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எங்க படுத்திருந்தேன்?"

"நம்ம இடத்துலதான். சுவரோரமா."

"சண்டை போட்ட அன்னிலேர்ந்து நான் கிடங்குலதானே படுக்கறேன்." சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒருநாள் மனசு கேக்காம வந்தேன். திரை மூடியிருந்துது. உள்ள நீ மூச்சு விடற சத்தம் கேட்டுது. உடம்பு சரியில்லாம படுத்திருக்கேன்னு நினைச்சு, எழுப்பாம திரும்பிப் போயிட்டேன்."

"எப்ப வந்தீங்க?"

"என் ஷிப்ட் முடிஞ்ச உடனே."

"அப்ப நான் வேலைலதானே இருப்பேன்..." என்றாள் சித்தி.

கரண்டிகள் நின்றன. ஒருவரும் பேசவில்லை. சுவருக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சத்தமும்... நின்றுவிட்டது.

காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு அமைதி. உப்பு கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தார். அது எல்லோருக்கும் கேட்டது.

"பேசுங்க," என்றார் கேப்டன் அம்மா. குரல் மாறவே இல்லை. இன்னொரு ரொட்டி கேட்கிற குரல்தான். "யாரும் நிறுத்தாதீங்க. டிரைவர், அந்த பூட்ஸ் கதையை முதல்லேர்ந்து சொல்லு."

டிரைவர் சொன்னார். உப்பு நடுநடுவே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அழுகை தேவலை. பேச்சு கிளம்பியதும்... டொக். மறுபடி தொடங்கிவிட்டது. சுவரோடு நகர்ந்து, நடைவழியைத் தாண்டி, படுக்கைகள் இருக்கும் பக்கமாகப் போயிற்று. சித்தி படுக்கப் போகிற நேரம் அது. தெரிந்துதான் போகிறது.

அதே ரொட்டிக் குரலில் கேப்டன் அம்மா சித்தியிடமும் சித்தப்பாவிடமும் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் போய் அந்தப் படுக்கை ரூம் கதவைச் சாத்துங்க. காத்தை வெளிய விட்டுடுங்க. உப்பு, நீ பேசு, உன் டப்பாவைப் பத்திப் பேசு."

அந்தக் கப்பலில் ஒவ்வொரு அறைக்கும் இரும்புக் கதவு, கதவுக்கு வெளியே ஒரு கைப்பிடி. உள்ளே தீப்பிடித்தால் கதவை மூடிவிட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். அறையில் இருக்கிற காற்று முழுவதும் வெளியே, ஒன்றுமில்லாத அந்த வெளியில் போய்விடும். உள்ளே எது இருந்தாலும் அதோடு சரி.

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். பின்னால் உப்பும் டிரைவரும் சர்க்கரை டப்பாவுக்காகச் சண்டை போடுகிற சத்தம். முன்னால் அந்தக் காசு வாசனை. அறை வாசலில் நின்று சித்தி எட்டிப் பார்த்தாள். அவர்களுடைய திரை மூடியிருந்தது. மெல்ல உப்பி... மெல்ல அடங்கியது. உப்பி... அடங்கியது.

சித்தப்பா கதவைத் தள்ளிச் சாத்தினார். சித்தி கைப்பிடியைப் பிடித்தாள்.

அப்போது கதவுக்கு உள்ளே இருந்து சித்தப்பாவின் குரல் பேசியது.

"தப்பு என் மேலதான். உன்னைக் கேட்டிருக்கணும். அடுத்த பயணம் வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்."

சித்தி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சித்தப்பா நின்றார். வாய் மூடியிருந்தது. கண்ணில் தண்ணீர். எந்த வார்த்தைக்காக அவள் அத்தனை நாள் காத்துக் கிடந்தாளோ, அந்த வார்த்தை, அந்தக் குரலிலேயே, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. சித்தியின் கை கைப்பிடியிலேயே விறைத்துப்போயிற்று. இழுக்க முடியவில்லை.

சித்தப்பா தன் கையை அவள் கை மேல் வைத்தார்.

உள்ளே குரல் மாறியது. இப்போது சித்தியின் குரல். ரகசியம் சொல்கிற மாதிரி, அவசரமாக.

"ஏங்க... திறங்க. நான்தான் உள்ள மாட்டிக்கிட்டேன். உங்க பக்கத்துல நிக்கறது நான் இல்லைங்க..."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்று சித்தியால் சொல்ல முடியவில்லை. நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். சித்தி ஏதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. பிறகு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். உள்ளே 'ஏங்க' என்ற சத்தம் நீண்டு, மெலிந்து, விசில் மாதிரி ஆகி... போய்விட்டது.

பிறகு அறையில் மறுபடி காற்றை நிரப்பிக் கதவைத் திறந்து பார்த்தார்கள். மெத்தை, தலையணை, திரை... வேறு ஒன்றும் இல்லை. அடுத்த துறைமுகம் வருகிறவரை பூட்ஸ், டப்பா எதையும் யாரும் தொடவில்லை. சுவரில் சத்தமும் இல்லை. அது என்ன, எங்கே ஏறியது, என்ன தேடியது என்று கேட்காதீர்கள். கேப்டன் அம்மாவுக்கே தெரியாது.

சித்தி தனியாக இறங்கவில்லை. இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். சித்தப்பா அந்த அடுத்த பயணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசி வைத்தபடியே ஊருக்கு வந்து ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். சண்டை சச்சரவு கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால், அப்படி ஒற்றுமையான ஜோடியைப் பார்த்ததில்லை என்பார்கள். என்ன, சித்தப்பா சில நேரம் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, சித்தியையே பார்த்துக்கொண்டு நிற்பார். எப்போதோ நடந்த ஏதாவது ஒன்றைக் கேட்பார். நம்ம கல்யாணத்துக்கு மழை பெய்ததா, உன் தம்பி எந்தக் காலில் அடிபட்டு வந்தான், இப்படி. சித்தி பொறுமையாகப் பதில் சொல்வாள். எல்லாம் சரியாகவே இருக்கும். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நம்ம சுருட்டை ஒருமுறை அங்கே தங்கப் போயிருந்தான். சாப்பிட்டாயிற்று, பேசியாயிற்று. அவனுக்குக் கூடத்தில் பாய் விரித்தார்கள். சித்தப்பாவும் இன்னொரு மூலையில் விரித்துக்கொண்டார். சித்தி மட்டும் உள் அறைக்குப் போனாள். அப்போதுதான் பையன் கவனித்தான். அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள். சின்னது இல்லை... விரல் கனத்துக்கு இரும்புத் தண்டு, நிலையோடு சேர்த்து வெல்டிங் வைத்தது.

"என்ன சித்தப்பா இது, வெளிப்பக்கமாப் போட்டு வெச்சிருக்கீங்க?"

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே இருந்து சித்திதான் சொன்னாள்.

"நான்தான்ப்பா வெச்சேன். தாழ்ப்பாள் போட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வருது."

பிறகு, கதவுக்கு மிக அருகில் வந்து நின்றுகொண்டு சொல்கிற மாதிரி:

"எனக்கும்தான்."