பஸ் ஸ்டாண்டில் பொண்ணு பார்த்தது

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பின்பக்க பெஞ்சில் ஷூ கம்பெனி ஐடி கார்டு போட்ட இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"என்னைப் பொண்ணு பாத்ததே இங்கதான்டி. இருபது வருஷம் ஆச்சு."

"இங்கயா? இன்னாக்கா சொல்றீங்க?"

"கம்பெனில லீவு தரல. ஷிப்ட் முடிஞ்சு யூனிபார்மோட வந்து நின்னேன். அவரும் அவங்கம்மாவும் இங்கயே வந்து பாத்தாங்க."

"பேசுனீங்களா?"

"எங்க? அதுக்குள்ள எங்க ஊரு பஸ் வந்துடுச்சு. ஒரே கூட்டம். அவரு ஓடிப்போய் ஜன்னல் வழியா கர்சீப் போட்டு சீட்டு புடிச்சாரு."

"உங்களுக்கா?"

"எனக்கில்லடி. பக்கத்துல மாசமா ஒரு பொண்ணு நின்னுது, அதுக்கு. யாருன்னே அவருக்குத் தெரியாது. நான் ஊரு வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போனேன். வீட்டுக்குள்ள போனதும் அம்மாகிட்ட சரின்னுட்டேன்."