இஞ்சினியர் வைத்த சாமி

பஸ்ஸில் நான் யார் பேச்சிலும் தலையிடுவதில்லை. காதை என்ன செய்வது? அக்கரப்பத்தனை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளையும் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரும். தலவாக்கலை தாண்டும்வரை முட்டைக்கோசைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு கணக்கப்பிள்ளை சொன்னார்:

“எங்க தோட்டத்துச் சாமிய வச்சதே இஞ்சினியர் ஐயாதாங்க மாஸ்டர்.”

“அவருக்கு அவ்வளவு பக்தியா?”

“பக்தி இல்லீங்க. லயத்து வீடுங்களுக்கு மேல மண்ணு சரியாம இருக்கக் கட்டுன சுவரு வெடிப்பு விட்டுருச்சு. கிட்ட வராதீங்கன்னு பலகை வச்சாரு. மறுநாளே பலகை யாரு வீட்டு அடுப்புலயோ எரிஞ்சுது. சாமின்னா பயந்து தள்ளி நிப்பாங்கன்னு, ஒரு கல்லுல குங்குமத்தப் பூசி சுவத்துக்கு அடியில வச்சுட்டாரு. குங்குமம் நான்தான் வாங்கிக் குடுத்தேன்.”

“தள்ளி நின்னாங்களா?”

“எங்கங்க! புள்ளகுட்டியோட மொத்த லயமும் இப்ப அங்கதான் பொங்க வைக்குது.”

“சுவரு விழுந்துரும்னு உள்ளதச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா புதுசா கட்டித் தரணும்ல?”

“இப்பவாவது இடிச்சுக் கட்டலாமே?”

“முந்தி காசு இல்லன்னாரு தோட்டத்துத் தொரை. இப்ப, சாமி இருக்கிற எடத்துல கை வச்சா குத்தமாயிரும்ங்கிறாரு.”

மழை பலத்தது. மாஸ்டர் ஜன்னலை இழுத்து மூடினார்.

“அப்ப இஞ்சினியர் என்னதான் பண்றாரு?”

“அவர சும்மா சொல்லக்கூடாதுங்க. மழை பேஞ்சா மொத ஆளா வந்துருவாரு. எங்க எல்லாரையும் விட உருகிக் கும்புடுறவரு அவருதான். என்ன, தள்ளி நின்னுதான் கும்புடுவாரு.”