பொன்மணி சொன்னது

கஞ்சியில் உப்பைக் குறைத்துப் போட்டால்தான் என் மனைவி பொன்மணிக்கு இறங்கும். உதட்டில் பட்டால் எரியும். நானே காய்ச்சி நானே ஊட்டுகிறேன். ஆமத்தூரில் என்னைத் தங்கமான மனுசன் என்கிறார்கள். கேட்கக் கூசுகிறது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குவது என் வேலை. மீந்த மருந்தை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஈரம் ஏறினால் தானாகச் சூடாகும். தீபாவளி சீசன், சனிக்கிழமை சாயங்காலம், உடம்பெல்லாம் அசதி. சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். கூட வேலை பார்த்த பொன்மணி, "கொட்டலையா?" என்றாள். "திங்கக்கிழமைக்கு ஆகும், வா" என்றேன். திங்கட்கிழமை அந்தச் சாக்கை எடுத்தது அவள்தான். எடுத்ததும் வெடித்தது.

அவள் இரும்புத் தட்டை இழுத்ததில் பொறி பறந்தது என்று விசாரணையில் சொன்னேன். அவளால் மறுக்க முடியவில்லை. புண் ஆறும்போது தோல் சுருங்கி மோவாய் நெஞ்சோடு ஒட்டிவிட்டது. தலையை ஆட்ட முடியாது. விரல்களும் ஒட்டிக்கொண்டன. அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். அவளை அடுப்பு விடவில்லை, எழுதிக் காட்டவும் தெரியாது. அவளுடைய குழறல் எனக்கு மட்டும்தான் புரியும்.

இரண்டாயிரத்து எட்டில் மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். அவள் தொடையிலிருந்து துளித் தோல் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, கழுத்தில் வைத்து ஒட்டுவார்களாம். புது வைத்தியம். செய்யலாமா கூடாதா என்று கருத்துக் கேட்க எங்களையும் கம்பெனி ஆட்களையும் திருத்தங்கலில் கூட்டினார்கள்.

"ஏலே, கோழிக்குஞ்சு மாதிரி தோலைப் பொரிக்கப் போறாகளாம்" என்றான் என்னோடு மருந்து கலக்கும் ஊர்க்காவலன். சிரித்தார்கள்.

"எங்க ஆளுக மேல சோதனை பாக்கீகளா?" என்றார் கம்பெனி மேனேஜர்.

"ஆளாளுக்குப் பேசுறீக. அக்காதான சொல்லணும்" என்று நர்ஸ் ஜாஸ்பின் பொன்மணி முன்னால் குனிந்தார்.

"பேச்சு திரும்புமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெளிவா திரும்பும்ணே."

பொன்மணி குழறினாள். "செய்யச் சொல்லுங்க" என்றாள். திரும்பவும் சொன்னாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பயமா இருக்காம். வேண்டாமாம்" என்றேன்.

அவள் விருப்பத்தை மதிப்பதாக டாக்டர் சொன்னார். ஜாஸ்பின் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்து நான் ஊட்டியதில்லை.

நேற்று கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் அவளிடமே சொல்லி அழுதேன். நெடுநேரம் குழறினாள். மன்னித்துவிட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் பேச்சு எனக்குப் புரியும்.