அவள் தவறு செய்தாள் என்று எழுதுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி முடித்த பெரியவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பட்டறைத் தொழிலாளர்களே, என் மருமகளோடு ஒரே அறையில் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக் கண் சிவந்த பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் அவளுடைய மாமியாரின் வணக்கம்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச வேண்டியவன் என் மகன். முன்வரிசையில் இருக்கிறான். பேருந்து ஓட்டுகிறவன். ஓட்டுநரோடு பேச வேண்டாம் என்று வண்டியில் எழுதியிருப்பதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறவன். ஆகவே நான் வந்தேன். இரண்டு வார்த்தையோடு நிறுத்த மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சற்று முன் பேசியவர், "குடும்பத்தைக்கூடக் கவனிக்காமல் உழைத்தவர்" என்று அவளைப் புகழ்ந்தார். புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். கேளுங்கள். என் மூத்த பேத்தி நர்சிங் படிப்பில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். இன்று குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அடுத்தவன் கப்பல் பட்டறையில் வெல்டிங் தேர்வை முதல் முயற்சியிலேயே தேறியவன். அவனோடு எழுதிய பதினாறு பேரில் தேறியது மூன்று பேர். கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். முதல் பரிசு வாங்கியவள் பேசியதையும் எழுதிக் கொடுத்தது இவள்தான். என் மகள் வயிற்றுப் பேரன் நான்காவது தடவையில் ஓட்டுநர் உரிமம் வாங்கினான். அதுவும் வெற்றிதான். அவனுக்குப் பின்பக்கமாக வண்டி எடுக்கப் பழக்கியவள் அவன் அத்தை, அதாவது என் மருமகள்.

இத்தனையும் தானாக முளைத்ததா? கவனிக்காத வீட்டில் இப்படி நடக்குமா? அவள் வீட்டையும் பார்த்தாள், உங்கள் வேலையையும் பார்த்தாள். ஒன்றைக் குறைத்து இன்னொன்றைப் புகழாதீர்கள்.

இன்னொருவர் அவளை அமைதியானவர் என்றார். எந்த ஊர்ப் பெண்ணைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியாகப் பேசிய துறைத் தலைவர், "பத்தொன்பது வருடப் பணியில் ஒரு தவறுகூடச் செய்யாதவர்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். என் கோபம் அந்த ஒரு வரியின் மேல்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் சாவுக்கு யார் மேலும் பழி இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யாருக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். அதைப் பற்றிக் கேட்க இங்கே வரவில்லை. அவள் போன பிறகு நடந்ததைக் கேட்க வந்திருக்கிறேன்.

அவள் பார்த்த வேலைக்குச் சிமுலேஷன் என்று பெயர். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டியைத் தகட்டில் செய்வதற்கு முன்னால் கணினிக்குள் செய்து பார்ப்பார்கள். சூடேற்றிப் பார்ப்பார்கள். காற்றாடியை நிறுத்திப் பார்ப்பார்கள். காற்றாடி நின்றுபோனால் மெத்தை எத்தனை நிமிடத்தில் குழந்தையைச் சுடும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு அதை அவள் அடுப்படிச் சுவரில் காட்டினாள். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் பதித்திருக்கிறோம். அடுப்பு அருகே இருப்பது சுடும், தள்ளி இருப்பது சுடாது. கீழ்வரிசையில் இடம் போதாமல் பாதியாக வெட்டிப் பதித்தவையும் உண்டு. "ஒவ்வொரு டைல்ஸும் எவ்வளவு சூட்டை வெளிய விடுதுன்னு பார்க்கணும் அத்தை. அதோட அளவால பெருக்கணும். அப்புறம் எல்லாத்தையும் கூட்டணும். இதைத்தான் நாங்க இன்டிக்ரேட் பண்றதுன்னு சொல்றோம்" என்றாள். அப்படியானால் அரை டைல்ஸை முழு டைல்ஸாக எண்ணக் கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டேன். "எங்க ஆபீஸ்ல மூணு பேருக்கு இது இன்னும் புரியலை அத்தை" என்று சிரித்தாள். அந்த மூன்று பேர் யார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்குப் பேசியவர்களைக் கேட்ட பிறகு கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பெட்டியின் சுவர் வழியாக வெளியே போகும் மொத்தச் சூட்டை அந்த சாஃப்ட்வேர் கூட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எத்தனை நிமிடம் என்று சொல்லாது. அதற்கு அவளே ஒரு ஈக்குவேஷன் எழுதினாள். ஹீட்டர் கொடுப்பது நூறு பங்கு. சுவர் வழியாகப் போகும் மொத்தத்தைக் கழித்தால் மிச்சம் உள்ளே நிற்கும். மிச்சம் கூடினால் நிமிடம் குறையும். இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? ஒரே ஒரு விதிதான். அந்த ஈக்குவேஷனுக்குள் மொத்தத்தின் பெயரை எழுத வேண்டும், எண்ணை எழுதக் கூடாது. பெயரை எழுதினால், பெட்டி மாறும்போதெல்லாம் புது மொத்தம் தானாக வந்து உட்காரும். எண்ணை எழுதினால் அந்த எண் அப்படியே கிடக்கும்.

போன வருடம் பழைய பெட்டிக்காக அவள் இந்தக் கணக்கைப் போட்டபோது, நாளைக்கே வேண்டும் என்று நெருக்கினார்கள். அவசரத்தில், பெயர் எழுத வேண்டிய இடத்தில், வந்த எண்ணைக் கையால் அடித்துவிட்டாள். எண்பது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பழைய பெட்டிக்கு எண்பது சரி. மிச்சம் இருபது. பதில் பதினொரு நிமிடம். அதுவும் சரி. அந்த "அப்புறம்" மட்டும் வரவே இல்லை.

இந்த வருடம் இரட்டைச் சுவர் வைத்துப் புதுப் பெட்டி செய்தீர்கள். அவளுடைய ஈக்குவேஷனையே எடுத்துப் போட்டீர்கள். பதில் மறுபடியும் பதினொன்று. சுவரையே மாற்றியும் பதில் ஒரு நொடிகூட அசையவில்லை. அதைப் பார்த்து நீங்கள் கைதட்டினீர்கள். அதைப் பார்த்து அவள் பயந்தாள்.

அன்று மாலை பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

என்ன தப்பு என்று கேட்டேன். "எடை பார்க்குற மெஷின் மேல போன வருஷத்து எடையை எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். இப்ப யார் ஏறி நின்னாலும் அதே எடைதான் காட்டுது" என்றாள். யாருக்கும் தெரியாதல்லவா, நாளைக்குப் போய்ச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு வந்துவிடு என்றேன். ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன். இந்தச் சபையில் மறைக்க மாட்டேன்.

"அந்தப் பதினொண்ணை அறிக்கையில போட்டு மூணு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க அத்தை. இனி சத்தம் போட்டாத்தான் திருத்த முடியும்."

இவளையா அமைதியானவர் என்றீர்கள்?

மூன்று முறை சத்தம் போட்டாள். முதல் முறை, தப்பு தன்னுடையது என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். துறைத் தலைவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "நல்ல எண் கிடைச்சிருக்கு. அதை ஏம்மா தொடுறீங்க?" இரண்டாம் முறை, எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை எழுதி, கணக்கை மறுபடி ஓட்டி, பதிலோடு போனாள். இரட்டைச் சுவர் வழியாக வெளியே போவது எண்பது இல்லை, நாற்பத்தைந்துதான். மிச்சம் ஐம்பத்தைந்து. பதில் நாலு நிமிடம். அதற்கும் துறைத் தலைவரிடம் பதில் இருந்தது. "பதினொண்ணும் உங்க எண்தானே? உங்க எண்ணை நீங்களே நம்பலைன்னா நாங்க எதை நம்புறது?"

மூன்றாம் முறை, கணினியே வேண்டாம், ஒரு காலிப் பெட்டியில் காற்றாடியை நிறுத்தி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம் என்று கேட்டாள். நேரமில்லை என்றார்கள். நாலு நிமிடத்துக்கு நேரமில்லை. அவள் கூட்டத்துக்குள் நுழைந்தபோது "பிரேக்கு வந்தாச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். அந்தப் பட்டப்பெயரை அவள் வீட்டில் வந்து சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் நிமிர்ந்து பார்த்தான். "பிரேக் இல்லாத வண்டியை நான் டிப்போவை விட்டு வெளிய எடுக்க மாட்டேன்" என்றான். அந்த வாரம் முழுவதும் அவன் பேசியது அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் மறுநாள் அவள் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தாள்.

ஒன்பதாம் நாள் இறந்தாள்.

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மருமகளின் தண்ணீர்ப் பாட்டில், சால்வை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்தாள். கூடவே அழகாக பைண்டு செய்த ஒரு புத்தகம். "அக்காவோட கடைசி வேலை பாட்டி, ஞாபகமா வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டு உண்மையாகவே அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் புத்தகம்தான் அந்த அறிக்கை. கடைக்குட்டி எனக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் புரியவில்லை. நாற்பத்தோராம் பக்கம் புரிந்தது. காற்றாடி நின்றால் பதினொரு நிமிடம் என்று இருந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் நாலு, நாலு என்றுதான் பேச்சு. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் நாலும் பதினொன்றும் ஒன்றில்லை என்று தெரியும்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினோம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் மருமகள் பெயர். அடியில் தேதி. அந்தத் தேதியில் அவள் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

துறைத் தலைவர் அவர்களே, பெயர் எழுத வேண்டிய இடத்தில் எண்ணை எழுதியது அவள் செய்த தவறு. பெயர் எழுதக் கூடாத இடத்தில் பெயரை எழுதியது யார்? உயிரோடு இருந்தபோது போட மறுத்த கையெழுத்தைச் செத்த பிறகு வாங்கிவிட்டீர்களே, எந்த வாசலில் வந்து கேட்டீர்கள்? எங்கள் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லையே?

இப்போது தெரிகிறதா, "ஒரு தவறுகூடச் செய்யாதவர்" என்றதும் எனக்கு ஏன் வயிறு எரிந்தது என்று? அவள் தவறே செய்யாதவள் என்றால் பதினொன்றும் தவறில்லை. பதினொன்று தவறில்லை என்றால் பெட்டி வண்டியில் ஏறலாம். அவளைப் புகழ்ந்தே அவள் வாயை மூடுகிறீர்கள். அந்தப் புகழ் எங்களுக்கு வேண்டாம். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தவறு செய்தாள் என்று எழுதுங்கள். அவளே கண்டுபிடித்தாள் என்று எழுதுங்கள். மூன்று முறை வந்து சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை என்று எழுதுங்கள். அதைவிடப் பெரிய புகழ் ஒரு பொறியாளருக்கு என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டியில் ஹீட்டரை அணைக்கும் கடைசிக் காவல் ஒன்று இருக்கிறதாம். காற்றாடி நின்று ஆறு நிமிடம் ஆனால் அது வேலை செய்யும். பதினொன்றுக்கு ஆறு போதும். நாலுக்கு ஆறு போதுமா? சுட்டால் குழந்தை அழுமே, யாராவது ஓடி வருவார்களே என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். மூத்த பேத்திதான் சொன்னாள்: "ஏழு மாசத்துல பிறந்ததுக்கு அழ ஏது பாட்டி மூச்சு?"

அடுத்த திங்கட்கிழமை முப்பத்தாறு பெட்டிகள் வண்டி ஏறுகின்றன. முப்பத்தாறு வார்டுகள். முப்பத்தாறு தாய்மார்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று பேசிய எல்லோரும் சொன்னீர்கள். எந்தப் பணியை? அவள் விட்டுவிட்டுப் போன பணி ரொம்பச் சின்னது. ஒரு எண்ணை அழித்து ஒரு பெயரை எழுதுவது. ஒரு காற்றாடியை நிறுத்துவது. எங்கள் குடும்பம் தன் பங்குக்கு உறுதி சொல்கிறது. மூத்த பேத்தி தன் வார்டின் தலைமை நர்சிடம் பேசிவிட்டாள். அந்த முப்பத்தாறில் ஒன்று அங்கேயும் வருகிறது. காலியாக வைத்துக் காற்றாடியை நிறுத்திப் பார்க்காமல் ஒரு குழந்தையையும் அதில் படுக்க வைக்க மாட்டார்கள். மற்ற முப்பத்தைந்து வார்டுக்கும் கடிதம் எழுத கடைக்குட்டி தயாராக இருக்கிறாள். அவள் எழுத்தைப் பற்றித்தான் சொன்னேனே. ஆனால் அதை நீங்களே செய்துவிட்டால் எங்களுக்கு ஏன் இந்த வேலை?

நிறுவனத் தலைவர் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் என் மருமகள் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் புதிதாக ஒரு படம் போடுங்கள். காலிப் பெட்டி, நின்ற காற்றாடி, மெத்தை மேல் தெர்மாமீட்டர், பக்கத்தில் ஒரு கடிகாரம். எந்த நிமிடம் வருகிறதோ அந்த நிமிடம். பதினொன்று வந்தால் இதே மேடைக்கு வந்து, இத்தனை பேர் முன்னால் துறைத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்பேன். என் மகன் வண்டியில் அழைத்து வருவான். வேறு எண் வந்தால் நீங்கள் வர வேண்டாம், பெட்டியை அனுப்பாமல் இருந்தால் போதும். கடிகாரத்து முள் தெரிகிற மாதிரி, கிட்டே போய் எடுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் போடுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம்.